போங்காட்டம் என்று சொல்வதற்கு முன்

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டிச் சென்னைச் சாலையில் போனால், வாழப்பாடிக்குப் பக்கத்தில் காட்டுவேப்பிலைப்பட்டி மைதானம் வரும். 2020-இல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தில் 2025 ஜூன் 14 அன்று தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்று நடந்தது. ரவிச்சந்திரன் அஸ்வின் தலைமையில் ஆடிய திண்டுக்கல் டிராகன்ஸ் அணி, மதுரை பாந்தர்ஸ் அணியை 9 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஆட்டம் முடிந்த பிறகு மதுரை அணி நிர்வாகம் லீக்குக்கு ஒரு புகார் அனுப்பியது. திண்டுக்கல் அணியினர் ரசாயனம் ஏற்றிய டவலால் பந்தைத் துடைத்தார்கள், அதனால் பந்தின் தன்மையே மாறிவிட்டது, மட்டையில் பட்டபோது உலோகச் சத்தம் கேட்டது என்பது புகாரின் சாரம்.

லீக் நிர்வாகம் சில நாட்களிலேயே பதில் சொல்லிவிட்டது. டவல்களைக் கொடுத்தது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம். அவை இரண்டு அணிக்கும் ஒரே மாதிரி கிடைத்தன. பந்தை நடுவர்களும் மேட்ச் ரெஃபரியும் அவ்வப்போது பரிசோதித்து வந்தார்கள். ஆட்டத்தின்போது எந்தக் குறையும் பதிவாகவில்லை. புகார் ஊகத்தின் மேல் நிற்கிறது, நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று லீக் முடிவுசெய்து, அஸ்வினையும் அவருடைய அணியையும் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

ஆனால் ரசிகர்களுக்கு நடுவே வாதம் முடியவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்று ஒரு தரப்பு கேட்கிறது. தோற்றவர்களின் அழுகுணிப் பேச்சு என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. பேச்சு வளர வளர, மும்பை அணி டக்அவுட்டிலிருந்து சைகை காட்டியது, இங்கிலாந்து அணி பெவிலியனில் எழுத்தும் எண்ணும் தொங்கவிட்டது, அமெரிக்காவில் ஒரு ஃபுட்பால் அணி எதிரணியின் சைகைகளை வீடியோ எடுத்து மாட்டிக்கொண்டது என எல்லாமே ஒரே மூட்டையில் விழுகின்றன. எல்லாவற்றுக்கும் பெயர் போங்காட்டம் என்றாகிவிடுகிறது.

இவை ஒன்றல்ல. சில, ஆட்டத்தின் திறமை. சில, தெளிவான விதிமீறல். சில, நிரூபிக்கப்படாத சந்தேகம். இவற்றைப் பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். விதி என்ன சொல்கிறது? அதை மீறியது யார், எந்த வழியில்? அதற்கு ஆதாரம் என்ன? இந்த வரிசை முக்கியம். நம்மில் பெரும்பாலோர் இவற்றுக்கு முன்பே, அவர் நம்ம அணியா, அவங்க அணியா என்ற கேள்வியைக் கேட்டுவிடுகிறோம்.

விதியும் டவலும்

முதலில் பந்து. பந்தின் நிலையை நியாயமற்ற முறையில் மாற்றக்கூடாது என்கிறது கிரிக்கெட் விதிகளின் 41-வது பிரிவு. கூடவே, எதைச் செய்யலாம் என்றும் சொல்கிறது. வெளிப்பொருள் எதுவும் சேர்க்காமல், நேரத்தை வீணாக்காமல் பந்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். ஒட்டிய சேற்றை நடுவரின் கண்முன் அகற்றலாம். நனைந்த பந்தை, நடுவர்கள் ஒப்புக்கொண்ட துணியால் துடைக்கலாம். ஆகவே டவலால் துடைத்தார்கள் என்பது தன்னளவில் குற்றமே ஆகாது. அந்த டவல் நடுவர் ஒப்புக்கொண்டதா, அதில் வேறு ஏதாவது இருந்ததா என்பவைதான் கேள்விகள்.

இந்தக் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் நடுவர்களுடையது. அவர்கள் முன்னறிவிப்பில்லாமல் அடிக்கடி பந்தை வாங்கிப் பார்க்க வேண்டும். நியாயமற்ற முறையில் மாற்றப்பட்டிருப்பதாகத் தெரிந்தால், எதிரணிக்கு 5 ரன் கொடுத்துப் பந்தை மாற்றலாம். இவ்வளவும் ஆட்டம் நடக்கும்போதே நடக்க வேண்டியவை. ஏனென்றால் ஆட்டம் முடிந்து பந்து பைக்குள் போய்விட்டால், அதைப் பற்றிப் பிறகு சொல்லப்படும் எதையும் சரிபார்ப்பது கடினம். புகாரை 24 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று லீக்குகள் வைத்திருக்கும் கெடுவின் காரணம் இதுதான். மதுரை அணி அந்தக் கெடுவுக்குப் பிறகு புகார் செய்தும் லீக் அதை ஏற்று, ஆதாரம் கேட்டது. அது சரியான நடைமுறை. சத்தம் மாறியதாகக் காதில் பட்டது என்பது சந்தேகத்துக்குப் போதும். ஒரு வீரரின் பெயரைக் கெடுக்கப் போதாது.

எட்டிப் பார்ப்பது எப்போது திருட்டு?

அடுத்தது சைகை. இங்கேதான் குழப்பம் அதிகம்.

எதிரணியைக் கூர்ந்து பார்ப்பது எல்லா ஆட்டத்திலும் உண்டு. சுழற்பந்து வீச்சாளரின் மணிக்கட்டைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகிப்பது, கேப்டன் ஃபீல்டரை நகர்த்துவதைப் பார்த்து ஷார்ட் பால் வரப்போகிறது என்று தயாராவது, விக்கெட் கீப்பர் பின்னால் நகர்ந்ததைக் கவனிப்பது எல்லாம் நல்ல பேட்ஸ்மேனின் அடையாளங்கள். சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிக்குப் போன நடராஜனின் யார்க்கரை எதிர்கொள்ள வருபவர், அவருடைய பழைய ஓவர்களை மணிக்கணக்கில் வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் வருவார். அதில் தவறு ஒன்றுமில்லை. போன வருடக் கேள்வித்தாளைப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதுவது உழைப்பு. இந்த வருடக் கேள்வித்தாளை முந்தின இரவே கைக்குள் வைத்திருப்பது திருட்டு. இரண்டிலும் மாணவர் படிப்பது கேள்வித்தாளைத்தான். எந்தத் தாள், எப்போது, எந்த வழியில் வந்தது என்பதே இரண்டையும் வேறுபடுத்துகிறது.

ஆட்டத்திலும் கோடு அங்கேதான் விழுகிறது. எல்லோருக்கும் திறந்திருக்கும் இடத்தில், தன் கண்ணால் பார்த்து, தன் மூளையால் புரிந்துகொள்வது திறமை. தடைசெய்யப்பட்ட கருவியை, தடைசெய்யப்பட்ட இடத்தில், தடைசெய்யப்பட்ட நேரத்தில் பயன்படுத்துவது ஏமாற்று.

இதற்கு மிகப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்க ஃபுட்பால். நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து வேறு. அது பந்தைக் கையில் எடுத்து ஓடும் ஆட்டம். அதில் ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் அணி தன் திட்டத்தை மாற்றும். தாக்கும் அணியின் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்தில் 1994 முதல் ரேடியோ உண்டு; பயிற்சியாளர் அதில் பேசலாம். தடுக்கும் அணிக்கு அப்போது அந்த வசதி கிடையாது. அதன் பயிற்சியாளர்கள் எல்லைக்கோட்டில் நின்று கையசைத்துச் சைகை காட்டினார்கள். அந்தச் சைகைகளை எதிரணி கண்ணால் பார்த்து ஊகிப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனால் மைதானத்தில் நின்று வீடியோ எடுப்பதை லீக் தடைசெய்திருந்தது. 2006-இல் எல்லா அணிகளுக்கும் அதை எழுத்தில் நினைவூட்டியும் இருந்தது.

2007 செப்டம்பர் 9 அன்று நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் வீடியோ உதவியாளர் ஒருவர், நியூயார்க் ஜெட்ஸ் பயிற்சியாளர்களின் சைகைகளை எல்லைக்கோட்டிலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். நான்கு நாளில் தண்டனை வந்தது. தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம், அணிக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம், அடுத்த ஆண்டு புதிய வீரர்களைத் தேர்வதில் முதல் சுற்று உரிமை பறிப்பு. அந்த ஒளிநாடாக்களை லீக்கே அழித்துவிட்டது. இந்தக் கடைசிச் செயல்தான் பல ஆண்டுகள் ரசிகர்களை விவாதிக்க வைத்தது. எவ்வளவு எடுத்தார்கள், எந்த ஆட்டங்களில் பயன்பட்டது என்று பொதுமக்கள் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. தண்டனை கொடுத்தும் நம்பிக்கை முழுதாகத் திரும்பவில்லை. விசாரித்தவர்கள் தாங்கள் கண்டதை வெளியே வைக்காவிட்டால், குற்றவாளி மீதான சந்தேகம் விசாரணையின் மீதும் படர்ந்துவிடும்.

அந்தப் புயலுக்குப் பிறகு நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 2008 முதல் தடுக்கும் அணியிலும் ஒரு வீரரின் தலைக்கவசத்தில் ரேடியோ அனுமதிக்கப்பட்டது. சைகையின் தேவை குறைந்தது. திருட வேண்டிய பொருளும் குறைந்தது.

பேஸ்பாலிலும் இதே கதை. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2017-இல் தன் மைதானத்தில் ஒரு கேமரா வழியாக எதிரணி கேட்சரின் விரல் சைகைகளைப் பார்த்து, குப்பைத்தொட்டியைத் தட்டித் தன் பேட்டருக்கு எந்த வகைப் பந்து வருகிறது என்று சொன்னது. அந்த ஆண்டு அது சாம்பியனும் ஆனது. முன்னாள் வீரர் மைக் ஃபயர்ஸ் 2019-இல் வெளிப்படையாகச் சொன்ன பிறகே விசாரணை தொடங்கியது. 2020 ஜனவரியில் 50 லட்சம் டாலர் அபராதமும், மேலாளருக்கும் பொது மேலாளருக்கும் ஓராண்டுத் தடையும் விதிக்கப்பட்டன. ஆனால் பட்டம் பறிக்கப்படவில்லை. பேஸ்பாலில் இரண்டாவது பேஸில் நிற்கும் வீரர் கேட்சரின் சைகையைக் கண்ணால் பார்த்துச் சொல்வது இன்றும் குற்றமல்ல. கேமராவும் திரையும் நடுவில் வந்ததுதான் குற்றம்.

நாம் ஆடும் கால்பந்திலும் உண்டு. 2019 ஜனவரியில் லீட்ஸ் யுனைடெட் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா அனுப்பிய ஆள், டெர்பி கவுன்டி அணியின் பயிற்சியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். அப்போது அதைத் தடுக்கும் தனி விதியே இல்லை. அணிகள் ஒன்றுக்கொன்று நல்லெண்ணத்துடன் நடக்க வேண்டும் என்ற பொதுவிதியின்கீழ் 2 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். பிறகுதான், ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியைப் பார்க்கக்கூடாது என்று எழுதினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து மகளிர் அணியின் பயிற்சிக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்ட கனடா அணிக்கு 6 புள்ளிகள் வெட்டப்பட்டன. பயிற்சியாளருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. கனடாவின் மீறலில் யாருக்கும் ஐயமில்லை. பியெல்சாவின் செயல் அப்படிப்பட்டதல்ல; எழுதாத விதியை மீறியவரை எவ்வளவு தண்டிப்பது என்ற கேள்வி இன்றும் நியாயமானது.

நம் மைதானத்துச் சைகைகள்

இந்த அளவுகோலோடு கிரிக்கெட்டுக்கு வருவோம்.

1999 உலகக் கோப்பையில், மே 15 அன்று ஹோவ் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோனியே காதில் ஒரு கருவியோடு இறங்கினார். பெவிலியனிலிருந்து பயிற்சியாளர் பாப் உல்மர் அதில் பேசினார். அதைத் தடுக்கும் விதி அப்போது இல்லை. ரெஃபரி கழற்றச் சொன்னார், கழற்றினார். பிறகு தடை வந்தது. இது விதியின் ஓட்டையைச் சோதித்துப் பார்த்த செயல். அதைத் திருட்டு என்று சொல்வது மிகை.

2017 மார்ச்சில் பெங்களூரு டெஸ்டில் எல்பிடபிள்யூ ஆன ஸ்டீவ் ஸ்மித், ரெவ்யூ கேட்கலாமா என்று ஆஸ்திரேலிய பெவிலியனை நோக்கிப் பார்த்தார். விதி அப்போது தெளிவாக இருந்தது. ரெவ்யூ கேட்பதைக் களத்தில் உள்ளவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். வெளியிலிருந்து சைகை வந்ததாக நடுவர் கருதினால் ரெவ்யூவை மறுக்கலாம். நடுவர் உடனே குறுக்கிட்டார். ஸ்மித் தன் செயலை ஒப்புக்கொண்டார். ஐசிசி குற்றப்பத்திரிகை கொடுக்கவில்லை. அவர் அணி தொடர்ந்து இப்படிச் செய்தது என்று அன்று பலர் பேசினார்கள், அது நிரூபிக்கப்படவில்லை. ஒருமுறை நடந்ததும் எப்போதும் நடந்ததும் வேறு.

2020 டிசம்பரில் கேப்டவுனில் இங்கிலாந்து அணியின் ஆய்வாளர் நேதன் லீமன், பெவிலியன் மாடத்தில் எழுத்தும் எண்ணும் கொண்ட அட்டைகளை வைத்து கேப்டன் இயன் மோர்கனுக்குக் குறிப்பு அனுப்பினார். பார்த்தவர்களுக்கு உறுத்தியது. ஆனால் அணி முன்கூட்டியே ரெஃபரியிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தது. ஆட்டத்தின் அழகுக்கு இது நல்லதா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கேப்டன் களத்தில் நின்று தானே யோசிப்பதுதான் கிரிக்கெட் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். இருந்தாலும் எனக்குப் பிடிக்காதது வேறு, விதிக்குப் புறம்பானது வேறு. கேட்டு, காட்டி, வெளிச்சத்தில் செய்ததை ஏமாற்று என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

2024 ஏப்ரலில் முல்லன்பூரில் மும்பை இந்தியன்ஸ், பஞ்சாப் கிங்ஸ் ஆட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரு பந்தை வைடு என்று ரெவ்யூ கேட்கும்படி டக்அவுட்டிலிருந்து சைகை வந்தது. கேமராவில் எல்லோரும் பார்த்தார்கள். டிம் டேவிட்டுக்கும் கைரன் பொல்லார்டுக்கும் ஆட்டச் சம்பளத்தில் 20 சதவீதம் அபராதம் விதிக்கப்பட்டது. மும்பை ரசிகர்கள் பலர் சொன்ன வாதம், கிடைத்தது ஒரே ஒரு ரன், ஜெயித்ததோ 9 ரன் வித்தியாசத்தில் என்பது. கணக்கு சரி, வாதம் தவறு. விதியை மீறினாரா என்பதற்கும், மீறியதால் ஜெயித்தாரா என்பதற்கும் தொடர்பில்லை. முதல் கேள்வி குற்றத்தைத் தீர்மானிக்கும். இரண்டாவது, அதிகம்போனால் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும். பேட்ரியட்ஸ் ரசிகர்களும் எங்கள் அணி எப்படியும் ஜெயித்திருக்கும் என்றுதான் சொன்னார்கள்.

எல்லா அணிகளும் செய்கின்றன, மாட்டியவர் இவர் என்பது இன்னொரு வாதம். அது உண்மையாக இருந்தால் எல்லோரையும் பிடிக்க வேண்டும் என்றுதான் பொருள். பிடிபட்டவரை விட்டுவிட வேண்டும் என்று பொருளாகாது.

கேமரா சொல்வதும் சொல்லாததும்

ஆதாரம் என்றதும் நமக்கு இப்போது வீடியோ ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. 2018 மார்ச்சில் கேப்டவுனில் கேமரன் பேன்கிராஃப்ட் உப்புத்தாளைக் கால்சட்டைக்குள் மறைத்ததைத் தொலைக்காட்சிக் கேமரா பிடித்தது. ஒப்புதலும் வந்தது. ஸ்மித்துக்கும் டேவிட் வார்னருக்கும் 12 மாதம், பேன்கிராஃப்டுக்கு 9 மாதம் என்று அவர்கள் நாட்டு வாரியமே தடை விதித்தது. அங்கே கேமராவும் ஒப்புதலும் கைகோத்தன.

எப்போதும் அப்படி அமைவதில்லை. 2001 நவம்பரில் போர்ட் எலிசபெத்தில் சச்சின் டெண்டுல்கர் பந்தின் தையலில் விரல் வைத்த காட்சி திரையில் ஓடியது. களத்தில் நின்ற நடுவர்கள் புகார் செய்யவில்லை. காட்சியைப் பார்த்த ரெஃபரி மைக் டென்னஸ் தண்டனை கொடுத்தார். ஒட்டியிருந்த மண்ணை நடுவரிடம் சொல்லாமல் அகற்றினாரா, தையலைக் கிளப்பினாரா என்பதில் நாடே கொந்தளித்தது. ஒரே காட்சிக்கு இரண்டு அர்த்தம் சாத்தியமானபோது காட்சி மட்டும் விடை தரவில்லை.

2006 ஆகஸ்டில் ஓவல் டெஸ்டில் மறுபக்கம். பாகிஸ்தான் பந்தைச் சேதப்படுத்தியதாக நடுவர்கள் முடிவுசெய்து எதிரணிக்கு 5 ரன் கொடுத்தார்கள். பாகிஸ்தான் அணி களமிறங்க மறுத்து ஆட்டத்தை இழந்தது. பிறகு நடந்த விசாரணையில், பந்தைச் சேதப்படுத்தியதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று தீர்ப்பானது. ஆட மறுத்ததற்காக மட்டும் கேப்டன் இன்சமாமுக்குத் தடை கிடைத்தது. கண்ணால் பந்தைப் பார்த்த நடுவரின் முடிவே பின்னர் நிற்கவில்லை. அப்படியிருக்க, எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நாம் எவ்வளவு நிதானமாகப் பேச வேண்டும்!

இந்த வெளிச்சத்தில் வாழப்பாடி ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்போம். விதி தெளிவு. டவல் எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. பரிசோதனை நடந்திருக்கிறது. ஆதாரம் இல்லை. விடை எளிது. அஸ்வின் புத்திசாலி, விதிகளின் விளிம்பு வரை போகக்கூடியவர் என்று சிலர் சொல்கிறார்கள். விளிம்பு வரை போவது விதிக்கு உள்ளே இருப்பதுதான். ஒருவரின் கூர்மையையே அவருக்கு எதிரான சாட்சியாக வைப்பது அநியாயம்.

அதே நேரம் புகார் செய்தவர்களின் வாயை அடைக்கவும் கூடாது. மைக் ஃபயர்ஸ் பேசாமல் இருந்திருந்தால் ஹூஸ்டன் விவகாரம் வெளியே வந்திருக்காது. சந்தேகம் வந்த கணத்தில் கேப்டன் நடுவரிடம் சொல்ல வேண்டும், நடுவர் பந்தையும் டவலையும் எடுத்து வைக்க வேண்டும், புகார் உரிய நேரத்தில் எழுத்தில் வர வேண்டும். முடிவு வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் ஊடகத்தில் உருளக்கூடாது. முடிவு வந்ததும் அதன் காரணங்களை லீக் முழுதாக வெளியிட வேண்டும்.

இது பெரிய லீக்குகளுக்கு மட்டும் உரிய பாடமல்ல. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் விடுமுறை நாளில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடக்காத ஊர் குறைவு. ஒவ்வொன்றிலும் இப்போது செல்போன் வீடியோ ஓடுகிறது. பரிசுத்தொகையும் ஏறிவிட்டது. தகராறு வருவது வீடியோ இல்லாததால் அல்ல. வீடியோவை யார் பார்ப்பது, எந்த முடிவுக்குப் பயன்படுத்துவது என்று முன்பே பேசிவைக்காததால். டோர்னமென்ட் நடத்துபவர்கள் முதல் பந்து வீசுமுன் ஒரே ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதி இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கலாம். வெளியிலிருந்து சைகையோ போனோ அனுமதியா இல்லையா? வீடியோவை நடுவர் பார்க்கலாமா, எதற்கெல்லாம்? புகாரை யார், எத்தனை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும்? பொய்ப் புகாருக்கு என்ன தண்டனை? எழுதிவைத்தால் பாதித் தகராறு பிறக்காது. பிறந்தாலும் தீர்க்க வழி இருக்கும்.

ரசிகர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் அணி செய்ததாகச் சொல்லப்படும் ஒன்றை, எதிரணி செய்ததாக மாற்றி ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அப்போதும் அதே விதியை, அதே ஆதாரத்தை, அதே தண்டனையைக் கேட்பீர்கள் என்றால் நீங்கள் ஆட்டத்தின் பக்கம் நிற்கிறீர்கள். பதில் மாறினால், அணிப்பாசம் நியாயத்தின் வேடம் போட்டிருக்கிறது. அணியை நேசிப்பதில் தவறில்லை. ஆனால் அணிகள் வரும், போகும். மைதானமும் விதியும் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். ஏமாற்றியவரை, அவர் யாராக இருந்தாலும், தயங்காமல் ஏமாற்றியவர் என்று சொல்வோம். ஆதாரம் இல்லாதபோது, அவர் யாராக இருந்தாலும், வாயை மூடிக்கொள்வோம். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்தான் ரசிகர்.